சொல்லக் கூசும் வயிற்று நோய்

2007 செப்டம்பர் 12ஆம் நாள் ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே திடீரெனச் செய்தியாளர்களைக் கூட்டி, பதவி விலகுவதாக அறிவித்தார். பதவிக்கு வந்து ஓராண்டுகூட நிறைவடையவில்லை. காரணம் கேட்டபோது அரசியல் நெருக்கடிகளைப் பற்றியே பேசினார். மறுநாள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அந்த மாதம் 24ஆம் தேதி மருத்துவமனையிலிருந்தபடியே மீண்டும் செய்தியாளர்களைச் சந்தித்த அவர், தம் உடல்நலமே முக்கியக் காரணம் என்று ஒப்புக்கொண்டார். பதின்ம வயதிலிருந்தே அவரைத் தொடர்ந்து வந்த அந்த நோயின் பெயர் பெருங்குடல் புண் அழற்சி. ஆங்கிலத்தில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பார்கள்.

ஒரு நாட்டையே ஆண்டவர் தம் நோயைச் சொல்ல ஏன் அவ்வளவு தயங்கினார்? கால் முறிந்தால் நண்பர்கள் மாவுக்கட்டில் கையெழுத்துப் போட வருகிறார்கள். டிங்கி வந்தால் வகுப்பே நலம் விசாரிக்கிறது. ஆனால் ஒரே நாளில் பத்து முறை கழிவறைக்கு ஓடுகிறேன், மலத்தில் இரத்தம் வருகிறது என்று யாரிடம் சொல்வது? இந்த நோயைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் கழிவறையைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும். அந்தக் கூச்சத்தினாலேயே பலர் மருத்துவரைப் பார்ப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன.

மாணவர்களே, இந்நோய் பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் தலைகாட்டுகிறது. இதைப் படிக்கும் உங்களில் பலருடைய வயதும் அதுதான். அதனால் இந்த வாரம் கூச்சத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுக் குடலுக்குள் போய்ப் பார்ப்போம்.

ஒரே குடும்பம், இரண்டு நோய்கள்

இரண்டாம் படிவ அறிவியலில் 'உசுஸ் கெச்சில்', 'உசுஸ் பெசார்' என்று மலாய்மொழியில் படித்திருப்பீர்கள். சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர் நீளம். அதைத் தொடரும் பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். இந்தக் குழாயில் நீண்ட காலம் நீடிக்கும் அழற்சியை உண்டாக்கும் நோய்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று நாம் பார்த்த பெருங்குடல் புண் அழற்சி. மற்றொன்று குரோன் நோய். இரண்டையும் சேர்த்துக் குடல் அழற்சி நோய் என்கிறார்கள்.

பெருங்குடல் புண் அழற்சி பெயருக்கேற்றபடி பெருங்குடலோடு நின்றுவிடும். அதன் கடைசிப் பகுதியான மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் பரவும். குடல் சுவரின் உட்புறத் தோலை மட்டுமே அது புண்ணாக்குகிறது. அதனால்தான் இரத்தம் கசிகிறது.

குரோன் நோய் அப்படி ஓர் ஒழுங்குக்குக் கட்டுப்படாது. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம். ஓரிடத்தில் புண் இருக்கும், அடுத்த சாண் நலமாக இருக்கும், அதற்கும் அப்பால் மீண்டும் புண் இருக்கும். சுவரின் முழுத் தடிப்பையும் அது தாக்குவதால் குடல் தடித்துக் குறுகிப் போகலாம். சில வேளைகளில் ஓட்டை விழுந்து பக்கத்து உறுப்போடு ஒரு கள்ள வழியே உண்டாகிவிடும். அது அடிக்கடி வந்து தங்கும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவது அங்கேதான். அந்தப் பகுதி கெட்டுப்போனால் தட்டில் எவ்வளவு நல்ல உணவு இருந்தாலும் அந்த வைட்டமின் உடலில் சேராது. இரத்தச் சோகை வரும், களைப்பு வரும். பாடநூலில் தனித்தனி அத்தியாயங்களாக இருப்பவை இங்கே ஒன்றாகக் கைகோத்துக்கொள்கின்றன.

குரோன் என்பது ஒரு மருத்துவரின் பெயர். நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கோர்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 14 நோயாளிகளைப் பற்றி 1932ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆங்கில அகரவரிசையில் குரோன் முதலில் வருவதால் அவர் பெயரே முதலில் அச்சானது. நோய்க்கும் அதுவே பெயராக நிலைத்துவிட்டது. இத்தனைக்கும் கிளாஸ்கோ அறுவை மருத்துவர் கென்னடி டால்சியல் 1913ஆம் ஆண்டிலேயே இதே போன்ற நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார். அறிவியலில் புகழ் யாருக்குப் போய்ச் சேரும் என்பது எப்போதும் நியாயமாக நடப்பதில்லை!

ஒரே ஓர் அணு தடிப்புள்ள மதில்

உங்கள் தோல் பல அடுக்குகளால் ஆனது. குடலின் உட்புறச் சுவரிலோ உணவுக்கும் உடலுக்கும் நடுவே ஓர் உயிரணு தடிப்புள்ள ஒரே அடுக்குதான் இருக்கிறது. சத்து உள்ளே போக வேண்டுமே, அதனால் இந்த மதில் மெல்லியதாகத்தான் இருக்க முடியும். சில நாள்களுக்கு ஒருமுறை இந்த உயிரணுக்கள் உதிர்ந்து புதியவை முளைக்கின்றன. மேலே வழவழப்பான சளிப்படலம் ஒரு போர்வையாகக் கிடக்கிறது.

மதிலுக்கு அப்பால், குறிப்பாகப் பெருங்குடலில், கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நம் உடலில் உள்ள பாக்டீரியாக்களின் எண்ணிக்கை நம் சொந்த உயிரணுக்களின் எண்ணிக்கைக்கு ஏறக்குறைய சமம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில்தான் உள்ளன. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை உடைத்துத் தருகின்றன, சில வைட்டமின்களையும் செய்து கொடுக்கின்றன. வாடகை கொடுத்து ஒழுங்காகக் குடியிருப்பவை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் சங்கடத்தை எண்ணிப் பாருங்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் வெள்ளை அணுக்கள் பெரும் படையாக நிற்கின்றன. சல்மொனெல்லா போன்ற எதிரி வந்தால் அடித்து விரட்ட வேண்டும். ஆனால் தினமும் வரும் சோற்றையும் பருப்பையும் காலகாலமாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்களையும் அடிக்கக் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் நல்ல ஜாகா இப்படித்தான் இருப்பார். குடியிருப்பவர்களைப் பார்த்துத் தலையசைப்பார், திருடனைக் கண்டால் விசில் ஊதுவார். குடல் அழற்சி நோயில் இந்த ஜாகா குடியிருப்பவர்களையே திருடர்கள் என்று எண்ணிவிடுகிறார். விசில் ஊதுகிறார், ஆள் திரட்டுகிறார், சண்டையை நிறுத்த மறுக்கிறார்.

அழற்சி என்பது உண்மையில் நல்ல காரியம். கொசு கடித்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிப்பது அழற்சிதான். வெள்ளை அணுக்கள் அங்கே கூடி வேலை செய்கின்றன, வேலை முடிந்ததும் கலைகின்றன. இந்நோயில் அவை கலைவதில்லை. அவை வெளியிடும் வேதிப்பொருள்கள் குடல் சுவரையே புண்ணாக்குகின்றன. சுவரில் ஓட்டை விழுந்தால் பாக்டீரியாக்கள் உள்ளே கசிகின்றன. அதைக் கண்டு இன்னும் வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. இப்படி ஒன்றை ஒன்று தூண்டிக்கொண்டு நோய் நீடிக்கிறது.

காரணம் யார்?

"டீச்சர், காரம் சாப்பிட்டா வருமா?" இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் முதலில் வரும் கேள்வி இதுதான். வராது. சம்பால் இந்த நோயை உண்டாக்குவதில்லை, தேர்வுப் பயமும் உண்டாக்குவதில்லை. நோய் உள்ளவருக்குச் சில உணவுகள் தொல்லையை அதிகமாக்கலாம், மன உளைச்சலும் அப்படித்தான். தொல்லையை அதிகமாக்குவது வேறு, நோயை உண்டாக்குவது வேறு. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றவும் செய்யாது. பக்கத்தில் உட்காரலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம்.

மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. 2001ஆம் ஆண்டு நோட்2 என்னும் மரபணுவுக்கும் குரோன் நோய்க்கும் தொடர்பு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. பாக்டீரியாவின் சுவரில் உள்ள ஒரு பொருளை அடையாளம் காண்பதே அந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் வேலை. ஜாகாவின் கண்ணாடி என்று சொல்லலாம். அதன் பிறகு இந்நோய்களோடு தொடர்புடைய 200க்கும் மேற்பட்ட மரபணுப் பகுதிகள் கண்டறியப்பட்டுள்ளன. ஆனால் மரபணு மட்டுமே காரணமாக இருந்தால் ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் கட்டாயம் வர வேண்டும். பல இரட்டையர்களிடம் அப்படி வருவதில்லை. ஆகவே சுற்றுச்சூழலும் சேர்ந்தே வேலை செய்கிறது. சிகரெட் குரோன் நோயை மோசமாக்கும் என்பது உறுதி. சிறுவயதில் அடிக்கடி உண்ட ஆன்டிபயோட்டிக், தொழிற்சாலையில் பதப்படுத்தப்பட்ட உணவு ஆகியவற்றின் மீதும் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் இருக்கிறது.

நம் சமூகம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. இது வெள்ளைக்காரர்களின் நோய் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் மலேசிய மருத்துவர்கள் நடத்திய ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. நோய் இங்கே இன்னும் அரிதுதான். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவானவருக்கே புதிதாக வருகிறது. ஆனால் இரண்டு பத்தாண்டுகளில் அந்த எண்ணிக்கை ஏறியிருந்தது. மூன்று இனங்களில் இந்தியர்களிடமே அதிகமாகக் காணப்பட்டது. சிங்கப்பூரிலும் இந்தியர்களிடையே விகிதம் அதிகம். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறிய தெற்காசியர்களை ஆராய்ந்தபோதும், அங்குள்ள ஐரோப்பியரைவிட அவர்களிடம் பெருங்குடல் புண் அழற்சி அதிகமாக இருந்தது. ஏன் என்பதற்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. உயிரியல் படிக்கப் போகிறவர்களுக்கு இதில் நல்ல வேலை காத்திருக்கிறது.

வீட்டு வைத்தியம் எங்கே நிற்க வேண்டும்

வயிற்றுப்போக்கு என்றால் நம் வீடுகளில் ஓமத் தண்ணீர் வரும், வெந்தயமும் மோரும் வரும். "உடம்பு சூடு" என்பார் பாட்டி. பெரும்பாலான வயிற்றுப்போக்கு சில நாள்களில் தானாகவே நின்றுவிடுவதால் பாட்டியின் பெயரும் காப்பாற்றப்படுகிறது. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

ஆனால் எனக்குத் தெரிந்த மூன்றாம் படிவ மாணவன் ஒருவனின் கதையைக் கேளுங்கள். காலையில் வயிற்று வலி, பள்ளிக்குப் போக மாட்டேன் என்பான். தேர்வுப் பயம் என்றார்கள். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டான், சாப்பிட்டால்தானே ஓட வேண்டியிருக்கிறது! சீருடை தொளதொளத்தது. ஓராண்டில் தம்பி அவனைவிட உயரமாகிவிட்டான். இரத்தம் வருவதை அவன் வீட்டில் சொல்லவே இல்லை. எட்டு மாதம் கழித்துத்தான் குரோன் நோய் என்று தெரிந்தது.

தம்பி உயரமானது சாதாரணச் செய்தி அன்று. குடலில் அழற்சி இருக்கும்போது சத்துக் குறைவதோடு, அழற்சியின் வேதிப்பொருள்கள் வளர்ச்சி இயக்குநீரின் வேலையையும் தடுக்கின்றன. பருவமடைவது தள்ளிப்போகும். எலும்புகளின் வளர்ச்சி முனைகள் மூடிக்கொள்வதற்குள் நோயைக் கட்டுப்படுத்தினால் விட்ட உயரத்தைப் பிடித்துவிடலாம். மூடிய பிறகு முடியாது. பெரியவர்களைவிட உங்கள் வயதினருக்கு மாதங்கள் முக்கியம் என்பது இதனால்தான்.

நான்கு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பிக் கழிவறைக்கு ஓட வைக்கும் வலி, அடிக்கடி வரும் காய்ச்சல், நின்றுபோன உயரம். இவற்றில் எது இருந்தாலும் பெற்றோரிடம் சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கிளினிக்கில் மருத்துவரிடமும் அதே தாளை நீட்டலாம். இரத்தம் வந்தால் நான்கு வாரம் காத்திருக்கவும் வேண்டாம்.

ஐ.பி.எஸ். என்று இன்னொன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதிலும் வலியும் வயிற்றுப்போக்கும் உண்டு. ஆனால் குடலில் புண்ணோ இரத்தமோ இருக்காது. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மருத்துவர் இரத்தத்தையும் மலத்தையும் சோதிக்கச் சொல்வார். மலத்தில் கால்புரொடெக்டின் என்னும் புரதம் மிகுந்திருந்தால், குடலில் வெள்ளை அணுக்கள் கூடியிருக்கின்றன என்று பொருள். பிறகு கேமரா பொருத்திய வளையும் குழாயைச் செலுத்திக் குடலை நேரில் பார்த்து, சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வார்கள். அதற்கு முன் மயக்க மருந்து கொடுப்பார்கள். முதல் நாள் குடிக்க வேண்டிய பேதி மருந்துதான் இதில் மோசமான பகுதி என்று அனுபவப்பட்டவர்கள் சொல்கிறார்கள்.

நம் வட்டாரத்தில் மருத்துவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை, குடலிலும் வரும். அதுவும் குரோன் நோய் விரும்பும் அதே சிறுகுடல் முனையில்! இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். சிகிச்சையோ நேரெதிர். காசநோய்க்குக் கிருமியைக் கொல்ல வேண்டும், குரோன் நோய்க்கு எதிர்ப்பு ஆற்றலை அடக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் காசநோய் கட்டவிழ்ந்து பரவிவிடும். ஆகவே மருத்துவர் அவசரப்படாமல் சோதனை மேல் சோதனை எழுதினால் பெற்றோர் பொறுமை காக்க வேண்டும்.

மருந்துகள்

இந்த நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்னும் இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் பல உண்டு. ஸ்வீடனின் நன்னா ஸ்வார்ட்ஸ் என்னும் பெண் மருத்துவரின் முயற்சியில் பிறந்த சல்ஃபாசலசின் முதலில் மூட்டு அழற்சிக்காக உருவானது. குடலுக்கும் அது உதவுவதை அவரே கண்டார். இன்றும் அதன் வழிவந்த மாத்திரைகள் பயன்படுகின்றன. ஸ்டெராய்டு வேகமாக அணைக்கும் தீயணைப்பு வண்டி. நெடுநாள் உட்கொண்டால் முகம் வீங்கும், எலும்பு மெலியும், வளர்ச்சியும் தடைபடும். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பெயர் தெரியாத சில பாரம்பரிய மருந்துகளில் இரகசியமாக ஸ்டெராய்டு கலந்து விற்பதைப் பற்றி நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வயிறு அதிசயமாகச் சரியாகிவிட்டதென்றால் அந்தப் போத்தலைச் சந்தேகப்படுங்கள்.

பெரிய திருப்பம் 1998இல் வந்தது. டி.என்.எஃப். என்பது அழற்சியைக் கிளப்பும் ஒரு புரதம், ஜாகாவின் விசில். அதைப் பிடித்து முடக்கும் இன்ஃபிளிக்சிமேப் என்னும் எதிர்ப்பொருளை அமெரிக்கா அந்த ஆண்டு குரோன் நோய்க்கு அனுமதித்தது. நான்காம் படிவ உயிரியலில் எதிர்ப்பொருளைப் பற்றிப் படிக்கிறீர்கள் அல்லவா? ஆய்வுக்கூடத்தில் செய்த ஓர் எதிர்ப்பொருளே இங்கு மருந்து. 'மேப்' என்று பெயர் முடிந்தால் அந்த வகை என்று தெரிந்துகொள்ளலாம். டி.என்.எஃப். உடலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சிறைப்படுத்தி வைக்கும் வேலையையும் செய்கிறது. அதனால் இதைக் கொடுப்பதற்கு முன் காசநோய்ச் சோதனை கட்டாயம்.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது வேறொரு சிகிச்சை. குரோன் நோய் உள்ள சிறுவர்களுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வரை வேறெந்த உணவும் இல்லாமல் சத்துப் பானம் மட்டுமே கொடுக்கிறார்கள். பலருக்கு ஸ்டெராய்டுக்கு நிகராகவே அழற்சி தணிகிறது, கூடவே எடையும் ஏறுகிறது. மேலே சொன்ன மாணவனும் தீபாவளியைக்கூட அந்தப் பானத்தோடுதான் கடந்தான். முறுக்கு வாசனைதான் தாங்க முடியவில்லையாம்.

அழற்சி அடங்கிய காலத்தைத் தணிவு நிலை என்கிறார்கள். வலியே இருக்காது. மாத்திரை எதற்கு என்று தோன்றும் நாளும் அதுதான். தணிவு நிலை நீடிப்பதே மாத்திரையால்தான் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. அபேயும் புதிய மருந்தின் துணையோடு 2012 டிசம்பரில் மீண்டும் பிரதமரானார். ஜப்பானின் மிக நீண்ட காலப் பிரதமர் என்ற பெயரும் பெற்றார். 2020 ஆகஸ்டில் நோய் திரும்பியபோது, இம்முறை முதல் நாளே காரணத்தைச் சொல்லி விலகினார்.

பள்ளியில்

இந்நோய் உள்ள மாணவருக்கு 'பொறு, மணி அடிக்கட்டும்' என்பது நடக்காத காரியம். வீங்கிய மலக்குடலால் காத்திருக்க முடியாது, அது மனவுறுதி சம்பந்தப்பட்டதன்று. மருத்துவரின் கடிதத்தைப் பெற்றோர் வகுப்பாசிரியரிடம் கொடுத்து, கேட்காமலே வெளியே போகும் அனுமதியையும் வாசலோர இருக்கையையும் பெற்றுக்கொள்ளலாம். பையில் ஒரு மாற்றுச் சீருடை இருந்தால் பாதிப் பயம் போய்விடும். புறப்பாட நடவடிக்கையில் சேரலாமா என்றால், நோய் தணிந்திருக்கும்போது தாராளமாகச் சேரலாம்.

காற்பந்து ரசிகர்களுக்கு டேரன் ஃபிளெட்சரைத் தெரிந்திருக்கும். மான்செஸ்டர் யுனைடெட் அணியின் நடுக்கள ஆட்டக்காரர். 2011இல் அவர் ஆடாமல் இருந்தபோது ஏதோ வைரஸ் தொற்று என்றுதான் முதலில் செய்தி வந்தது. அந்த டிசம்பரில்தான் பெருங்குடல் புண் அழற்சி என்று வெளியே சொன்னார்கள். 2013 ஜனவரியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மருந்து பலிக்காத நிலையில் இந்நோய்க்குப் பெருங்குடலையே அகற்றிவிடுவார்கள். சிறுகுடலின் முனையைக் கொண்டு உள்ளேயே ஒரு பை தைத்து, மலம் வழக்கமான வழியிலேயே போகும்படி செய்வதும் உண்டு. ஃபிளெட்சர் அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் திடலில் இறங்கினார். 2015இல் வெஸ்ட் புரோம்விச் ஆல்பியன் அணிக்கு மாறி அதன் தலைவராகவும் ஆடினார்.

குரோன் நோயில் அறுவை இப்படிக் கணக்கைத் தீர்த்துவிடாது. கெட்ட பகுதியை வெட்டி எடுத்துத் தைத்தாலும், தைத்த இடத்தின் பக்கத்திலேயே அது மீண்டும் தலைதூக்கலாம். அதனால் அறுவை மருத்துவர்கள் எவ்வளவு குறைவாக வெட்டலாம் என்றே பார்க்கிறார்கள். ஆறு மீட்டர் சிறுகுடலில் ஒவ்வொரு சாணும் அந்த நோயாளிக்கு வாழ்நாள் முழுதும் தேவைப்படும்.